கறுப்பு பைன்ட்: புனித பேட்ரிக் நாளில் ஸ்டவுட் பழகுவோருக்கு

அயர்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம்மவர்களில் பலர் ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரை முதன்முதலாகச் சந்திப்பது புனித பேட்ரிக் நாளான மார்ச் 17 அன்று இரவில்தான். உடன் வேலை பார்ப்பவர்கள் அழைத்துப் போகிறார்கள். பப்புக்குள் தோளோடு தோள் உரசும் கூட்டம். யாரோ ஒருவர் அந்தக் கறுப்பு பியர் நிரம்பிய பைன்ட் கிளாஸ் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிக்கிறது. அடுத்த சுற்றுக்கு வழக்கமான பொன்னிற லாகர் பியரைக் கேட்டுவிடுகிறார்கள். அதோடு ஸ்டவுட்டின் கதை முடிந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல பானம் ஒன்று தவறான அறிமுகத்தால் கைநழுவிப் போகிறது.

நான் சொல்ல வருவது எளிமையானது. அன்றைய இரவில் ஒரே ஒரு பைன்ட்டை, அது ஊற்றப்படும்போதிலிருந்து கடைசி மிடறு வரை கவனித்துக் குடியுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது நியாயமான தீர்ப்பு. ஐந்தாறு பைன்ட் குடித்தால்தான் பழகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மூன்றாவது பைன்ட்டிலேயே நாக்கு மரத்துப்போய்விடும், அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் ஒன்றுதான்.

எந்த பப், எந்த நேரம்

டப்ளினில் ஊர்வலம் நண்பகலில் தொடங்கும். அது முடிந்ததும் கூட்டம் அப்படியே நகர மையத்து பப்புகளுக்குள் புகுந்துவிடும். டெம்பிள் பார் பகுதியை ஒரு முறை சுற்றிப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் ஸ்டவுட் பழக அது ஏற்ற இடமல்ல: விலை அதிகம், நிற்க இடமிருக்காது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆற்றிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் குடியிருப்புப் பகுதிகளின் பப்புகள் வந்துவிடும். அங்கே போய் மாலை ஐந்து மணிக்கு முன்பே ஒரு இருக்கையைப் பிடித்துவிடுங்கள். பழைய பப்புகள் சிலவற்றில் கவுண்டரை ஒட்டி 'ஸ்னக்' என்ற சிறு தடுப்பறை இருக்கும். அது காலியாக இருந்தால் யோசிக்காமல் உட்கார்ந்துவிடுங்கள்.

குழந்தைகளோடு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச் மாதத்தில் சிறுவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் பப்பில் இருக்கச் சட்டம் இடம் தராது. மது வாங்க வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். இளமையான முகமாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்துச் செல்லுங்கள்.

பப் நல்லதா என்று அறிய ஒரு வழி உண்டு. உள்ளே போனதும் மேசைகளைப் பாருங்கள். கறுப்பு கிளாஸ்கள் நிறையத் தெரிகின்றன என்றால் அங்கே பீப்பாய்கள் விரைவாகக் காலியாகின்றன, குழாயில் வருவது புதிதாக இருக்கிறது என்று பொருள். நாள் முழுக்க நான்கு பேர் மட்டும் ஸ்டவுட் கேட்கும் இடத்தில், குழாயிலேயே தேங்கிக் கிடந்த பியர்தான் உங்கள் கிளாஸுக்கு வரும். அந்த வகையில் பேட்ரிக் நாள் புதியவருக்கு ஒரு வரம். அன்று எந்த பப்பிலும் ஸ்டவுட் பழையதாக இருக்க வாய்ப்பில்லை.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஆனால் காரமாகச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். மிளகாய் எரிச்சலின் மேல் ஸ்டவுட்டின் கசப்பு இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் கனமானதல்ல

ஸ்டவுட்டைத் தொடத் தயங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம், "கனமாக இருக்கும், வயிறு நிறைந்துவிடும்" என்பது. இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அயர்லாந்தின் பெயர்பெற்ற ஸ்டவுட்டான கின்னஸில், குழாயிலிருந்து ஊற்றப்படும் வகையில், ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம்தான். ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, ஏறத்தாழ 210 கலோரி. பக்கத்தில் இருப்பவர் குடிக்கும் 5 சதவீத லாகர் பெரும்பாலும் இதைவிடக் கலோரி கூடியது. கார்பன் டை ஆக்சைடும் ஸ்டவுட்டில் குறைவு என்பதால் வயிறு உப்பாது. கண் கறுப்பைப் பார்க்கிறது, உதடு கெட்டியான நுரையைத் தொடுகிறது; இரண்டும் சேர்ந்து கனம் என்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன.

நிறம் வருவது வறுப்பிலிருந்து. பார்லியை 230 டிகிரி செல்சியஸுக்கு மேல், கருகும் எல்லைக்குச் சற்று முன்புவரை வறுக்கிறார்கள். அந்த வறுத்த பார்லியில் சிறிதளவு சேர்த்தாலே பானம் முழுவதும் கறுத்துவிடும். பால் விடாத டிகாஷனை ரசிப்பவருக்கு ஸ்டவுட்டின் கசப்பு அந்நியமாக இருக்காது. காப்பிக்கொட்டையிலும் பார்லியிலும் வறுப்பு செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கிளாஸை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு மறைந்து, ஓரத்தில் அடர்ந்த மாணிக்கச் சிவப்பு தெரியும்.

இந்த வகை பியர் பிறந்தது டப்ளினில் அல்ல, லண்டனில். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பெயர்பெற்ற 'போர்ட்டர்' என்ற கரும்பழுப்பு பியரின் வலுவான வடிவம்தான் ஸ்டவுட். 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, கருக விடாமல் உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கறுப்பு நிறத்துக்கு வழி திறந்தது அதுதான். ஆர்தர் கின்னஸ் 1759 டிசம்பர் 31 அன்று டப்ளின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு 9,000 ஆண்டு குத்தகையாக எடுத்தார். அவரும் தொடக்கத்தில் காய்ச்சியது சாதாரண ஏல் வகை பியர்தான். போர்ட்டருக்கு மாறியது பிற்பாடு. கார்க் நகருக்கென்று சொந்த ஸ்டவுட்டுகள் உண்டு: 1792இல் தொடங்கிய பீமிஷ், 1856இல் தொடங்கிய மர்ஃபீஸ். கார்க்கில் இருக்கிறீர்கள் என்றால் அவற்றையே கேளுங்கள். என் கருத்தில் புதியவருக்கு மர்ஃபீஸ் மிக இணக்கமானது. கசப்பு தணிந்து, லேசான இனிப்பு முன்னால் நிற்கும். பீமிஷில் வறுப்பின் காரம் சற்றுத் தூக்கல்.

ஊற்றுவதைப் பாருங்கள்

கவுண்டருக்கு நீங்களே போய் வாங்குங்கள். யாரோ வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் ஸ்டவுட்டின் பாதி அழகு போய்விடும்.

முழு பைன்ட் வேண்டாம் என்று தோன்றினால் அயர்லாந்தில் 'எ கிளாஸ்' என்று கேட்டால் அரை பைன்ட் தருவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் முழு பைன்ட்டையே நான் சிபாரிசு செய்வேன். சுவை மாறும் விதத்தைக் கவனிக்க நேரம் வேண்டும். அரை பைன்ட் அதற்குள் தீர்ந்துவிடும்.

பார்டெண்டர் கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்புவார். பிறகு அதை அப்படியே கவுண்டரில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்துக் கையை நீட்டாதீர்கள். பழுப்பாகக் கலங்கியிருப்பது அடங்கிக் கறுப்பும் வெண்மையும் தனித்தனியாகப் பிரிந்த பிறகு, கைப்பிடியை முன்னோக்கித் தள்ளி மெதுவாக மேல் பாகத்தை நிரப்புவார். முழு வேலைக்கும் ஆகும் நேரம் 119.5 விநாடி என்பது கின்னஸ் நிறுவனமே பரப்பிய கணக்கு. கூட்டமான இரவில் முக்கால் நிரப்பிய கிளாஸ்கள் முன்கூட்டியே வரிசையாக நிற்கும். அதில் குறையில்லை. ஒரே மூச்சில் விளிம்புவரை நிரப்பித் தந்தால் மட்டும் அந்த பப்பில் அடுத்த முறை வேறு எதையாவது குடிக்கலாம்.

அந்த இரண்டு நிமிடத்தில் கிளாஸின் சுவரை உற்றுப் பாருங்கள். குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவதுபோல் தெரியும். கண்மயக்கம் அல்ல, உண்மையிலேயே இறங்குகின்றன. லிமரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் 2012இல் இதற்குக் காரணம் சொன்னார்கள். பைன்ட் கிளாஸ் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கிறது. அதனால் நடுவில் குமிழிகள் அடர்ந்து மேலேறும்போது, சுவரோரமாக பியர் கீழ்நோக்கி ஓடுகிறது. நைட்ரஜன் குமிழிகள் மிகச் சிறியவை என்பதால் அந்த ஓட்டத்தோடு இழுபட்டுப் போகின்றன.

நைட்ரஜனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1959இல் கின்னஸில் பணியாற்றிய மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் தலைமையில்தான் நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கலந்து பீப்பாயில் அடைக்கும் முறை உருவானது. நைட்ரஜன் நீரில் எளிதில் கரையாது. குழாய் முனையில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பியர் பீறிடும்போது, கரைந்திருந்த வாயு நுண்குமிழிகளாக வெளியேறி அந்த வழுவழுப்பான நுரையாகிறது. நாக்கைச் சுரீரென்று குத்தாததற்கும் அதுவே காரணம். புள்ளியியல் படித்தவர்களுக்கு ஒரு துணைச் செய்தி: 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் டி பரவலை வெளியிட்ட வில்லியம் கோசெட், இதே நிறுவனத்தில் பியர் காய்ச்சும் பணியில் இருந்தவர்.

முதல் வாய்

கிளாஸ் கைக்கு வந்ததும் உடனே குடிக்க வேண்டாம். நுரைக்கும் பியருக்கும் இடையிலான கோடு தெளிவாகும் வரை பொறுங்கள். கிளாஸின் விளிம்பில் உதட்டுச்சாயமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை சீக்கிரம் உடைந்துவிடும். அப்படியிருந்தால் மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

பெரும்பாலானோர் தடுமாறுவது அடுத்த படியில்தான். கசக்கும் என்ற பயத்தில் உதட்டை மட்டும் நனைத்துப் பார்ப்பார்கள். அப்போது வாய்க்குள் போவது நுரை மட்டுமே. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் நுரையில்தான் செறிந்து நிற்கும். ஆகவே அவர்கள் சுவைத்தது பைன்ட்டிலேயே மிகக் கசப்பான பகுதியை. இதற்கு மாற்று, தைரியமாக ஒரு முழு வாய் குடிப்பது. நிமிர்ந்து உட்கார்ந்து, கிளாஸை உதட்டுக்கு உயர்த்தி, நுரைக்கு அடியில் இருக்கும் பியர் வாய்க்குள் வரும் அளவுக்குச் சாய்த்துக் குடியுங்கள். மேலுதட்டில் வெள்ளை மீசை விழும், விழட்டும்.

விழுங்கும் முன் ஒரு கணம் நாக்கின் மேல் நிறுத்துங்கள். விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். மணத்தின் பெரும்பகுதி அப்போதுதான் வெளிப்படும்: வறுத்த தானியம், கருகிய ரொட்டியின் மேலோடு, இனிப்பில்லாத கோகோ, எங்கோ மெல்லியதாக ஒரு புகை. முதலில் தெரிவது லேசான புளிப்பும் மால்ட்டின் மென்மையும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததுபோல் நீர்த்து ஓடும். கடைசியில் கசப்பு வரும். அதன் பின்னால் நாக்கை உலர்த்தும் துவர்ப்பு வரும். இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாயில் எல்லாம் ஒன்றாக அடித்துக் கசப்பு என்று மட்டுமே தெரிந்தால் கவலை வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது வாய் குடியுங்கள். நாக்கு கசப்புக்குப் பழகியிருக்கும். அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மால்ட் இனிப்பு மேலே வரும். மூன்றாவது வாயில்தான் பெரும்பாலோருக்கு முகம் மாறுகிறது.

இனி அவசரம் வேண்டாம். அந்த பைன்ட்டுக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். ஸ்டவுட் 6 டிகிரி அளவில் குளிர்ச்சியாக வருகிறது. குளிர்ச்சி மணத்தை அடக்கி வைக்கும். கை வெப்பத்திலும் அறை வெப்பத்திலும் அது மெல்லத் தளரும்போது கோகோவும் காப்பியும் தெளிவாகும். பாதி கிளாஸ் தாண்டியபின் இன்னொரு முறை மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். முதல் வாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துவிட்டால் நீங்கள் ஸ்டவுட்டைக் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

முதல் வாயிலேயே மட்டத்தைக் கின்னஸ் கிளாஸில் அச்சிட்ட பெயரின் 'ஜி' எழுத்தின் நடுவுக்குக் கொண்டுவரும் பந்தயம் ஒன்று இப்போது பப்புகளில் பரவியிருக்கிறது. விளையாட்டாக நன்றாகவே இருக்கும். ஆனால் பழகும் இரவில் வேண்டாம். சுவைக்க வேண்டிய முதல் பாகம் முழுவதும் தொண்டையில் இறங்கிவிடும்.

கூடவே ஏதாவது உப்பாகக் கொறியுங்கள். உப்பு கசப்பை அடக்கும். உப்பு வெண்ணெய் தடவிய சோடா பிரெட், முற்றிய செடார் சீஸ், எதுவும் கிடைக்காவிட்டால் டேட்டோ சீஸ் அண்ட் ஆனியன் சிப்ஸ். அசைவம் உண்பவர்களுக்கு சிப்பியும் ஸ்டவுட்டும் இங்கே பல காலமாகப் பெயர்பெற்ற இணை.

உடனிருப்பவர்களோடு

சுவையைவிடப் புதியவரை அதிகம் குழப்புவது 'ரவுண்ட்' முறை. குழுவில் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்க வேண்டும். முறையைத் தட்டிக்கழிப்பவரை இங்கே யாரும் வாய்விட்டுக் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள். ஆறு பேர் இருந்தால் ஆறு பைன்ட் என்று கணக்கு போகும். ஒரு பைன்ட் ஸ்டவுட் என்பது அயர்லாந்துக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு அலகு மது. ஒரு வாரத்துக்கே ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 11 அலகுக்குள் நிறுத்தச் சொல்கிறது இங்குள்ள சுகாதார வழிகாட்டுதல். ஆறு பைன்ட் குடித்தால் ஒரே இரவில் பன்னிரண்டு போய்விடும். ஆகவே தொடக்கத்திலேயே, "நான் மெதுவாகக் குடிப்பவன், எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அல்லது முதல் சுற்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். இது இன்னும் கண்ணியமானது என்பது என் எண்ணம்.

கிளாஸை உயர்த்தும்போது, நலம் என்ற பொருளில் 'ஸ்லான்ச்சா' என்பார்கள், நீங்களும் சொல்லுங்கள். நாளைக் குறிப்பிடும்போது 'பேடிஸ் டே' என்று சொல்லலாம், 'பேட்டி' என்றால் அயர்லாந்துக்காரர்களுக்குப் பிடிக்காது. ஸ்டவுட்டும் வெளிறிய ஏலும் அடுக்கிய பானத்தை வெளிநாடுகளில் 'பிளாக் அண்ட் டேன்' என்பார்கள். அந்தப் பெயரை இங்கே உச்சரிக்காதீர்கள். 1920–21 காலத்தில் விடுதலைப் போரை ஒடுக்கப் பிரிட்டன் அனுப்பிய, பொதுமக்கள்மீது கொடுமை புரிந்த படையின் பெயர் அது. 'ஐரிஷ் கார் பாம்' என்று வெடிகுண்டின் பெயர் தாங்கிய கலவை பானத்தையும் கேட்கக் கூடாது. இங்கே நடந்த கார் குண்டுவெடிப்புகளில் உறவினரை இழந்தவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம்.

மூலையில் ஃபிடிலும் புல்லாங்குழலும் வைத்திருப்பவர்கள் அமர்ந்திருந்தால் அவர்களைச் சுற்றியுள்ள இருக்கைகளை விட்டுவிடுங்கள். அவை மற்ற இசைக்கலைஞர்களுக்கானவை. யாராவது தனிக்குரலில் பாடத் தொடங்கினால் பப் முழுவதும் பேச்சை நிறுத்திவிடும். நீங்களும் நிறுத்துங்கள்.

சைவம், இரும்புச்சத்து, வீடு திரும்புதல்

பியரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். கின்னஸ் சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கைவிட்டு வடிகட்டும் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே கின்னஸ் குடிக்கச் சைவர்கள் தயங்க வேண்டியதில்லை. மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் உண்டு, ஆய்ஸ்டர் ஸ்டவுட் சிலவற்றில் உண்மையான சிப்பியே சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். எல்லா ஸ்டவுட்டிலும் பார்லி இருப்பதால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது.

ஸ்டவுட் இரும்புச்சத்து நிறைந்தது, உடம்புக்கு நல்லது என்ற பேச்சு 1929இல் தொடங்கிய விளம்பரங்களால் ஊன்றியது. ஒரு பைன்ட்டில் இருக்கும் இரும்பு பொருட்படுத்தத் தக்க அளவே இல்லை. மருந்தாக நினைத்து யாரும், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், குடிக்கக் கூடாது.

மது அருந்தாதவர்கள் இந்த இரவிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கின்னஸ் 0.0 பல பப்புகளில் கிடைக்கிறது. நுரை, நிறம், வறுப்பு மணம் எல்லாம் அப்படியே இருக்கும். முடிவில் கசப்பின் நீளம் மட்டும் சற்றுக் குறைவு. மேலே சொன்ன சுவைக்கும் முறை முழுவதும் அதற்கும் பொருந்தும்.

வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்பதே இங்குள்ள வரம்பு; புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் வெறும் 20. உடல் ஓர் அலகு மதுவைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும் என்பதால், மறுநாள் காலையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பிடித்துவிட்டால்

அடுத்து, கார்லோ பகுதியில் காய்ச்சப்படும் ஓஹாராஸ் ஸ்டவுட்டைத் தேடிப் பாருங்கள். வறுப்பும் ஹாப்ஸும் இன்னும் முன்னால் வரும். ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட் பட்டுப்போல் இறங்கும். கசப்பை இன்னும் ஏற்க முடியாதவர்களுக்கு அதுவே நல்ல அடுத்த படி. இலங்கையிலிருந்து வந்தவர்கள் லயன் ஸ்டவுட்டையும், மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் புட்டிகளில் வரும் கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ராவையும் முன்பே சுவைத்திருக்கலாம். அவை வெப்பநாட்டு வகை. இனிப்பும் வலுவும் மிக்கவை. லயன் 8.8 சதவீதம். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு டப்ளின் பைன்ட்டை எடைபோட்டால் சப்பென்று தோன்றும். இரண்டையும் தனித்தனியாகவே ரசிக்க வேண்டும். ரஷ்ய அரசவைக்காக லண்டனில் காய்ச்சப்பட்ட மரபிலிருந்து வந்த இம்பீரியல் ஸ்டவுட் 10 சதவீதத்தைத் தொடும். அதைப் பைன்ட்டாகக் கேட்காதீர்கள். சிறு கிளாஸில், அதிகக் குளிர்ச்சி இல்லாமல், சாப்பாடு முடிந்த பிறகு இருவர் பகிர்ந்து குடிக்கலாம்.